பழைய புல்லட்டின் மின்சுற்று: புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருவொற்றியூரில் 1955 முதல் உருவாகிவந்த புல்லட்டுகளில் ஒன்றை, அதிலும் வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட பழைய வண்டியை, நீங்கள் இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் "வண்டி நல்ல வண்டிதான், வயரிங்கைத்தான் நம்ப முடியாது" என்று சொல்லியிருப்பார். அந்த வாக்கை நான் பதினெட்டு ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன். இந்த வண்டியின் மின்சுற்று மிக எளிமையானது. இன்ஜின் நின்றுபோனதற்கு ஆல்டர்னேட்டரோ (ஓடும் இன்ஜினிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாகம்) காயிலோ (பிளக்கின் தீப்பொறிக்கு வோல்ட்டை உயர்த்தும் பாகம்) உண்மையிலேயே காரணமாக இருந்த தருணங்கள் என் அனுபவத்தில் குறைவு. துருப்பிடித்த எர்த் (மின்சாரம் வண்டியின் சட்டம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), தளர்ந்த முனை, நாற்பது ஆண்டுகளில் பலர் கைபட்டு முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஆகியவையே பெரும்பாலும் காரணம். ஆகவே இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேண்டுகோளைத்தான் திரும்பத் திரும்ப வைக்கப்போகிறேன்: அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள்.

தொடங்குவதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு பில்லர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), நல்ல கிரிம்பிங் பிளையர், 400 எண் உப்புத்தாள், வாசலின் டப்பா, இரண்டு முனையிலும் கிளிப் பொருத்திய இரண்டு மீட்டர் நீள வயர், ஒரு சிறிய பல்பில் வயர் கோத்துச் செய்த டெஸ்ட் லேம்ப் ஆகியவை போதும்.

முதல் படி: உங்களிடம் இருப்பது எது என்று அறிதல்

பழைய புல்லட்டுகள் 6 வோல்ட், பின்னால் வந்தவை 12 வோல்ட். ஆனால் இடையில் வண்டியை வைத்திருந்த யாரும் மாற்றியிருக்கக்கூடும் என்பதால் வண்டியின் ஆண்டை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். பேட்டரியின் மேல் மூன்று மூடிகள் இருந்தால் 6 வோல்ட், ஆறு இருந்தால் 12 வோல்ட். பிறகு ஹெட்லைட், டேஞ்சர் லைட் (பின்பக்கச் சிவப்பு விளக்கு) பல்புகளின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும் எண்ணும், காயிலின் மேல் இருக்கும் எண்ணும் அதனோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மூன்றும் மூன்று விதமாக இருந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வண்டி ஓடுவதே வியப்பு.

அடுத்து எர்த் எந்தப் பக்கம் என்பதை உறுதிசெய்ய வேண்டும். பிரிட்டிஷ் மரபில் வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சட்டத்தோடு இணைந்திருக்கும். பின்னால் வந்தவற்றில் நெகட்டிவ். இதைத் தவறாக இணைத்தால் ஆல்டர்னேட்டரின் ஏசியைப் பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர் ஒரே நொடியில் போய்விடும். இப்போது எந்த வயர் சட்டத்துக்குப் போகிறது என்பதை மட்டும் நம்பக் கூடாது, ஏனென்றால் முந்தைய உரிமையாளரே தவறாக மாட்டியிருக்கலாம். பேட்டரியைக் கழற்றிவைத்துவிட்டு, சாதாரண டயோடு ரெக்டிஃபயரின் வெளியீட்டு வயரையும் பிரித்துவிட்டு, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனை ரெக்டிஃபயரின் உடலிலும் கறுப்பு முனை வெளியீட்டிலும் இருக்கும்போது அளவு காட்டி, முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டாமல் இருந்தால், அது நெகட்டிவ் எர்த்துக்கான இணைப்பு. நேர்மாறாகக் காட்டினால் பாசிட்டிவ் எர்த். உறுதியானதும் ஒரு சிறு அட்டையில் எழுதி டூல் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள்; அடுத்து அந்த வண்டியைத் தொடும் எந்த மெக்கானிக்கும் அதைப் பார்த்து உங்களை வாழ்த்துவார்.

இனி எந்த வேலைக்கும் பேட்டரியைக் கழற்றும்போது எர்த் வயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். மற்ற முனையை ஸ்பேனரால் திருகும்போது ஸ்பேனர் சட்டத்தில் உரசினால் பொறி பறக்கும் ஆபத்து இதனால் இல்லாமல் போகும்.

இரண்டாம் படி: பேட்டரி

இந்த வண்டியில் தீப்பொறிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்துதான் காயிலுக்குப் போகிறது. ஆகவே பேட்டரி சோர்ந்தால் விளக்கு மட்டும் மங்காது, இன்ஜினே கிளம்பாது. வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்துவிட்டுக் காலையில் அளந்தால், நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், 6 வோல்ட் பேட்டரி 6.3 வோல்ட் அளவிலும் காட்ட வேண்டும். 12 அல்லது 6 என்று சரியாகக் காட்டினால் அது நிறைவான பேட்டரி என்று புதியவர்கள் மகிழ்வதுண்டு; உண்மையில் அது பெரும்பகுதி தீர்ந்துபோன பேட்டரி.

நீர் ஊற்றும் வகைப் பேட்டரியானால் மாதம் ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரோ, கூடுதல் ஆசிடோ கூடாது. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, கழுவி, நன்றாக உலர்த்தி, முனையை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரியின் காற்றுக்குழாய் செயினுக்கும் சட்டத்துக்கும் விலகிக் கீழே இறங்குகிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் அதிலிருந்து கசியும் ஆசிட் ஆவி சட்டத்தின் பெயின்டையும் பக்கத்து வயர்களையும் சேர்த்துத் தின்றுவிடும்.

மூன்றாம் படி: எர்த்

இங்கே நான் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் பழைய புல்லட்டைப் பற்றி நான் கற்றதில் பாதி இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

ஓர் ஐப்பசி இரவு, திண்டிவனத்தைத் தாண்டி என் வண்டி மழையில் நின்றது. ஹாரன் முனகியது, விளக்கு மஞ்சளாக எரிந்தது, கிக்கரை உதைத்தால் ஒரு முறை பிடித்து உடனே அணைந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஒரு பட்டறையில் புதிய காயில், புதிய கண்டன்சர் (தீப்பொறிச் சுற்றின் ஒரு சிறு பாகம்), பிறகு புதிய பேட்டரி என்று மூன்று பாகங்களை மாற்றியிருந்தார்கள். மறுநாள் காலை ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, பேட்டரியின் எர்த் வயர் சட்டத்தில் இறங்கும் போல்ட்டைக் கழற்றினேன். வளையமுனைக்கும் சட்டத்துக்கும் நடுவே பளபளவென்று கறுப்புப் பெயின்ட் இருந்தது. வண்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தபோது அந்த இடத்தைச் சுரண்டாமலேயே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும், பச்சைப் பொடி பூத்த மூன்று நான்கு மரைச்சுற்றுகள் வழியாக, வண்டி முழுவதுக்குமான மின்சாரம் திரும்பிவந்துகொண்டிருந்தது. ஐம்பது பைசா அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி இறுக்கினேன். இரண்டாவது உதையில் இன்ஜின் பிடித்தது. மாற்றிய மூன்று பாகங்களில் ஒன்றுகூட அதற்கு முன் கெட்டிருக்கவில்லை.

உங்கள் வண்டியில் இதைச் சோதிக்கும் முறை எளிது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை டேஞ்சர் லைட்டின் உடலிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது; அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ அழுக்கோ தளர்வோ இருக்கிறது. பிறகு இதே சோதனையை ஹெட்லைட் ஹோல்டரின் உடலிலும், சட்டத்திலும், இன்ஜினிலும் செய்யுங்கள். எங்கே எண் சட்டென்று குதிக்கிறதோ, அதற்கு முந்தைய இணைப்புதான் குற்றவாளி. பேட்டரியின் மற்ற முனைக்கும் விளக்கின் மின்சாரம் வரும் முனைக்கும் நடுவே அளந்தால் போகும் பாதையின் இழப்பும் தெரிந்துவிடும்.

ஹெட்லைட்டும் ஸ்பீடோமீட்டரும் அமர்ந்திருக்கும் முன்பக்கக் கூட்டின் எர்த் தனிக் கவனத்துக்குரியது. பல வண்டிகளில் அது ஸ்டியரிங் பேரிங்கின் கிரீஸ் பூசிய குண்டுகள் வழியாகத்தான் சட்டத்தை அடைகிறது. குண்டுகள் உருளும்போது விளக்கு கண்சிமிட்டுவது அதனால்தான். கூட்டின் உள்ளிருந்து பேட்டரியின் எர்த் முனை வரை 1.5 சதுர மி.மீ. வயர் ஒன்றைத் தனியாக இழுத்துவிடுங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, வயர் இழுபடாமலும் நசுங்காமலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்ட வேண்டும். இந்த வண்டிக்கு நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள மேம்பாடு இதுதான் என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

6 வோல்ட் வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். 30 வாட் பல்பு 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கிறது என்றால், 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கிறது. அதே அழுக்கு இணைப்பில் இரு மடங்கு வோல்ட் தொலைகிறது, தொலைவதற்கு இருப்பதோ பாதி வோல்ட். பல்புக்குப் போகும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். 6 வோல்ட் விளக்கு மெழுகுவர்த்திபோல எரிகிறது என்று குறைசொல்பவர்களில் பலர், அதற்கு உரிய 6 வோல்ட்டை ஒருநாளும் கொடுத்துப் பார்த்ததில்லை.

நான்காம் படி: ஆம்பியர் முள்ளைப் படிக்கக் கற்றல்

ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்திலிருக்கும் சிறிய அம்மீட்டரை நம் ஊரில் "ஆம்பியர்" என்றுதான் சொல்கிறோம். இந்த வண்டியின் நாடி அது. இன்ஜின் ஓடாதபோது சாவியைத் திருப்பினால், பாயின்ட் (காயிலுக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) மூடியிருக்கும் நிலையில் முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கரை மெல்லக் கையாலோ காலாலோ இறக்கிக்கொண்டே வந்தால், பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியை நெருங்கும்போது பாயின்ட் திறந்து முள் நடுவுக்கு வந்து நிற்கும். அந்த இடத்தில் டீகம்ப்ரசரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் லீவர்) இழுத்து உச்சியைச் சற்றுத் தாண்டவைத்து, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு உதை உதைப்பதுதான் புல்லட்டைக் கிளப்பும் முறை. பழையவர்கள் சடங்குபோலச் செய்யும் இது உங்களுக்கு ஒரு சோதனையாகவும் உதவும்: முள் அசையவே இல்லை என்றால் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை அல்லது பாயின்ட் முகங்கள் தொடவில்லை; முள் நடுவுக்குத் திரும்பவே இல்லை என்றால் பாயின்ட் திறக்கவில்லை அல்லது அங்கே எங்கோ ஷார்ட் ஆகிறது.

பாயின்ட் பெரும்பாலான நேரம் மூடியே இருப்பதால், இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் திருப்பியபடி விட்டால் காயில் வழியே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் காயில் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், பேட்டரியும் இறங்கும். சாவியை அணைப்பதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஓடும்போது, ஐட்லிங்கில் முள் நடுவைச் சுற்றி நடுங்கலாம், மைனஸில்கூட நிற்கலாம். முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பிளஸ் பக்கம் நகர வேண்டும். பேட்டரி நிறைந்தபின் மெல்ல நடுவுக்கு வர வேண்டும். முள் சட்டென்று இடது கோடிக்கு அடித்தால் உடனே சாவியை அணைத்து இறங்குங்கள், எங்கோ வயர் சட்டத்தைத் தொடுகிறது.

ஐந்தாம் படி: சார்ஜிங்

முள் பிளஸ் பக்கம் வராவிட்டால் இன்ஜினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.5 வரையும், 6 வோல்ட் வண்டியில் 7 வோல்ட் அளவிலும் ஏறினால் சார்ஜிங் சரி. ஏறாவிட்டால், இன்ஜினை நிறுத்தி, இடப்பக்கச் செயின் கேஸிலிருந்து வரும் ஆல்டர்னேட்டர் வயர்களைப் பிரித்து, மீண்டும் இன்ஜினைக் கிளப்பி, சார்ஜிங் வயர் ஜோடிக்கு நடுவே ஏசி வோல்ட் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கூட எண்ணும் கூட வேண்டும். ஏறினால் ஸ்டேட்டர் (ஆல்டர்னேட்டரின் அசையாத சுருள்பகுதி) நலம், குற்றம் ரெக்டிஃபயரிலோ இடைப்பட்ட வயரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் செயின் கேஸைத் திறக்க வேண்டும். எண்ணெயில் பல ஆண்டுகள் ஊறி விறைத்து விரிசல் விட்ட வயரையோ, செயின் உரசிய தடத்தையோ பெரும்பாலும் காண்பீர்கள். திரும்ப மூடும் முன், ஸ்டேட்டருக்கும் அதனுள் சுழலும் ரோட்டருக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மி.மீ. பில்லர் தாள் தடையின்றி நுழைகிறதா என்று பாருங்கள்.

எந்தச் சோதனைக்காகவும் பேட்டரியை ஓடும் இன்ஜினிலிருந்து கழற்ற வேண்டாம். பல்புகளும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் சேர்ந்து போய்விடும். உங்கள் வண்டியில் தகடுகளை அடுக்கியது போன்ற பழைய செலினியம் ரெக்டிஃபயர் இருந்தால், அந்தத் தகடுகளை இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டைத் தொடவே கூடாது. அது செயலிழந்திருந்தால் சிலிக்கான் டயோடு பிரிட்ஜ் ஒன்றைப் பொருத்துவதில் தவறேதும் இல்லை.

ஆறாம் படி: பாயின்ட், கண்டன்சர், பிளக்

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். கேம் முனை பாயின்டை முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் மட்டுமே இதை அளக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். முகங்கள் கருத்திருந்தால் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பிறகு சுத்தமான வெள்ளைத் தாள் ஒன்றை நடுவே வைத்து இழுத்துத் துடையுங்கள்; புதிய பாயின்டில்கூட எண்ணெய்ப் படலம் இருக்கும், அதையும் துடைத்தே மாட்ட வேண்டும். கேமில் அரிசிமணி அளவு கிரீஸ் போதும். அதிகம் வைத்தால் சூட்டில் உருகி முகங்களில் தெறிக்கும்.

இன்ஜின் சூடானதும் திக்கித் திணறி, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஓடினால் கண்டன்சரைச் சந்தேகியுங்கள். இருட்டில் மூடியைத் திறந்து பார்த்தால், நல்ல கண்டன்சர் உள்ள பாயின்டில் சிறு நீலப்பொறி தெரியும்; கெட்டதில் மஞ்சளாகப் பெரிதாகப் பொறி பறக்கும், முகங்கள் சீக்கிரம் குழிவிழும். இப்போது கடைகளில் கிடைக்கும் கண்டன்சர்களின் தரம் ஒரே சீராக இல்லை என்பது என் வருத்தம். அதனால் ஓட்டிப் பார்த்துச் சரியென்று தெரிந்த ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருக்கிறேன். பாயின்ட் இல்லாத எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறுவதா என்று கேட்பவர்களுக்கு, முதல் ஆண்டு மாறாதீர்கள் என்பதே என் பதில். வழியில் நின்றால் பாயின்டை நகவெட்டியின் அரத்தால்கூடத் தேய்த்து வீடு வந்துசேரலாம்.

மழையில் மட்டும் திணறும் வண்டிக்கு, இரவில் இன்ஜின் ஓடும்போது பிளக் கேப்பிலும் பிளக் வயரிலும் லேசாகத் தண்ணீர் தெளித்துத் தள்ளி நின்று பாருங்கள். பொறி வெளியே தாவும் இடம் கண்ணுக்கே தெரியும்.

ஏழாம் படி: வயரிங்கைச் சீர்செய்தல்

முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எதைக் கண்டாலும் வெட்டியெறிந்து, கிரிம்ப் முனை போட்டு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டுங்கள். சால்டர் வைத்த இடத்தில் வயர் விறைத்து, புல்லட்டின் அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒடிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சால்டர் செய்தே ஆக வேண்டுமானால் அந்த இடத்துக்கு இருபுறமும் வயரை அசையாமல் கட்டிவிடுங்கள். வயர் அதிகமாக ஒடியும் இடங்கள் இரண்டு: ஸ்டியரிங்கில் வளையும் இடம், பின் மட்கார்டுக்கு அடியில் டயர் உரசும் இடம். வெளியே தோல் முழுதாகவும் உள்ளே செம்பு அறுந்தும் இருக்கும் என்பதால், டெஸ்ட் லேம்பைப் போட்டுவிட்டு வயரை விரலால் வளைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்றே போடுங்கள்; 12 வோல்ட்டுக்கு 10 அல்லது 15 ஆம்பியர், 6 வோல்ட்டுக்கு 15 அல்லது 20. டேங்குக்கு அடியில் வயரிங் ஓடும் வண்டியில் ஃபியூஸ் இல்லாமல் ஓட்டுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

எல்இடி பல்பு போட விரும்பினால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஹெட்லைட் நேரடியாக ஆல்டர்னேட்டரின் ஏசியில் எரியும் வண்டிகளில் அது கண்சிமிட்டும். ரெகுலேட்டர் இல்லாத 6 வோல்ட் வண்டிகளில், பழைய பல்பு தின்ற மின்சாரம் மிச்சமாகிப் பேட்டரியை அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்யக்கூடும். பாசிட்டிவ் எர்த் வண்டியானால் அதற்கு ஏற்ற பல்புதானா என்று கேட்டு வாங்குங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பெரும்பாலான பாகங்கள் கிடைத்துவிடும். பழைய பாகத்தைக் கையில் எடுத்துப்போய், ஒப்பிட்டு, கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் காயிலின் முதன்மைச் சுருளில் (இரண்டு சிறிய முனைகளுக்கு நடுவே) 3 முதல் 4 ஓம் வரையும், 6 வோல்ட் காயிலில் அதில் ஏறக்குறைய பாதியும் காட்ட வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அளந்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கி, எல்லா எர்த் போல்ட்களையும் கழற்றிச் சுத்தம் செய்து, முனைகளில் வாசலின் தடவி, மூன்றாம் படியில் சொன்ன அளவுகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த புரட்டாசியில் அதே இடத்தில் அளவு கூடியிருந்தால் எந்த போல்ட்டில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது என்று அந்த நோட்டே காட்டும். சீட்டுக்கு அடியில் ஒரு பாயின்ட் செட், ஒரு கண்டன்சர், ஒரு பிளக், நான்கு ஃபியூஸ்கள், கிளிப் பொருத்திய அந்த இரண்டு மீட்டர் வயர் ஆகியவற்றைப் பழைய டியூப் துண்டில் சுருட்டி வையுங்கள். வயரிங்கில் எங்கோ அறுந்து வண்டி நடுவழியில் நின்றால், ஃபியூஸைத் தாண்டிய முனையிலிருந்து காயிலுக்கு நேராக அந்த வயரைக் கோத்து வீடு வந்துசேரலாம். சேர்ந்ததும் ஒரு பக்கக் கிளிப்பைக் கழற்ற மறக்காதீர்கள், அந்த இணைப்பில் சாவியை அணைத்தாலும் காயிலுக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும்.